தெர்மகோல் பசுமை

கட்டிடக்கலைக் கல்லூரிகளில் சுற்றுச்சூழலுக்கு மார்க் உண்டு. சீதோஷ்ணமும் கட்டிடமும் பற்றி ஒரு தாள், ‘நீடித்த கட்டிடக்கலை’ என்று ஒரு தாள், பசுமைக் கட்டிடத் தரச்சான்று வாங்குவது எப்படி என்று கடைசி வருஷங்களில் ஒரு விருப்பப்பாடம். மூன்றிலும் மாணவர்கள் தேறிவிடுகிறார்கள். தேறிய கையோடு டிசைன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடியாலான ஒரு கட்டிடத்தை வரைந்து, மொட்டைமாடியில் நாலு மரத்தையும் ஒரு வரிசை ஸோலார் தகடுகளையும் வைத்து, அதற்குப் ‘பசுமை வளாகம்’ என்று பெயரிட்டு, அதற்கும் மார்க் வாங்கிவிடுகிறார்கள். அதன் மாடல் தெர்மகோலில் செய்யப்பட்டிருக்கிறது. ஜூரி முடிந்த மறுநாள் கல்லூரியின் பின்புறக் குப்பைமேட்டில் கிடக்கும் அந்தத் தெர்மகோல் துண்டுகள்தாம் இந்தக் கல்வி உற்பத்தி செய்கிறவற்றில் மிகவும் நீடித்த பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிடங்கள் இடிந்த பிறகும் அவை இருக்கும்.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டுக் கடன் மேஜையில் சில வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். என் முன் வந்து குவியும் ஃபைல்களில் வரைபடம், எஸ்டிமேட், மதிப்பீட்டாளரின் அறிக்கை மூன்றும் இருக்கும். அவற்றை நாவல் படிப்பதுபோல் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை தென்மேற்கு மூலையில். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் மூலை அதுதான். நிழல் விழ வழியில்லாத ஒரு சுவர், மேலே ஐந்தங்குலக் கான்கிரீட் தளம், அதற்கு மேல் சூரியன். எஸ்டிமேட்டில் ஏ.ஸி.க்கான ஒயரிங் முதலிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பம் 20 வருஷத் தவணையில் வெக்கையை விலைக்கு வாங்குகிறது. இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஆர்க்கிடெக்டுகள் போட்டவை அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் மோஸ்தர் மேலேயிருந்துதான் இறங்குகிறது. நகரத்தில் விருது வாங்கிய கண்ணாடி முகப்பு, ஐந்தே வருஷத்தில் தாலுகா தலைநகரின் நகைக்கடைக்கு வந்து சேர்கிறது. எங்கள் கிளைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கரண்ட் போனால் வாடிக்கையாளர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் மூச்சுவிடுகிறோம்.

இந்தக் கட்டுரைக்கு உடனடிக் காரணம் சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கேட்ட பேச்சு. பேசியவர் மூத்த கட்டிடக்கலைப் பேராசிரியர். பெயர் வேண்டாம். அவர் சொன்னதை எந்தக் கல்லூரியிலும் கேட்கலாம். ஸ்டூடியோ என்பது மாணவன் கனவு காணும் இடம். வெயில், தண்ணீர், செலவு என்று அங்கேயே அவனைப் பயமுறுத்தினால் கற்பனை செத்துவிடும். அவற்றையெல்லாம் வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளலாம் - இதுதான் சாரம். பலமான கைதட்டல். கை தட்டியவர்களில் இரண்டு கவிஞர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதைப் பொறியியல் பத்திரிகை எதற்கும் எழுதாமல் இங்கே எழுதுகிறேன். கற்பனை என்ற சொல் காதில் விழுந்ததும் கை தட்டிவிடுகிற வியாதி நம்முடையது.

ஸ்டூடியோ ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் ஒருதடவை என்னை ஜூரி பார்க்க அழைத்துப்போனார். ஒரு சிறு நகரத்தின் பஸ் நிலையத்தை மறுவடிவமைக்க வேண்டும் என்பது கொடுக்கப்பட்ட வேலை. சுமார் 30 பேர் சுமார் 30 பறக்கும் கூரைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் பழைய நிலையத்தை அப்படியே விட்டிருந்தாள். மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்து, எந்த மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்திருந்தாள். பதினொரு மணிக்கு மேல் ஒருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்காருவதில்லை. டீக்கடைப் படுதாவின் கீழே போய் நிற்கிறார்கள். அவள் சொன்ன திருத்தங்கள் இவ்வளவுதான்: இருக்கிற கூரையை மேற்குப் பக்கம் எட்டடி நீட்டுவது, கழிவறைக்குத் தண்ணீர் வராததற்குக் காரணமான குழாயை மாற்றுவது, வெட்டுவதாக இருந்த இரண்டு தூங்குமூஞ்சி மரங்களை விட்டுவைப்பது, இரண்டு ஊர் பஸ்கள் நிற்கும் இடத்தை மாற்றிப் போடுவது. ஒரே ஒரு ஷீட். வெளியூரிலிருந்து வந்திருந்த ஜூரர், ‘எல்லாம் சரிம்மா, டிசைன் எங்கே?’ என்று கேட்டார். ‘இதுதான் ஸார்’ என்றாள். சிரிப்பு. மார்க் பட்டியலில் அவள் கடைசிக்கு முந்தினவள் என்று நண்பர் பிறகு சொன்னார்.

1996-இல் பிரான்ஸில் போர்தோ நகரத்தார், லெயோன் ஓகோக் என்ற சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரும்படி ஆன் லகாதோன், ழான்-ஃபிலிப் வஸால் என்ற இருவரைக் கேட்டார்கள். இருவரும் சதுக்கத்தைப் போய்ப் பார்த்தார்கள். சுற்றிலும் சாதாரண வீடுகள், நடுவே மரங்கள், பெஞ்சுகள். அங்கே குடியிருப்பவர்களோடு பேசினார்கள். இது நன்றாகத்தானே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். சரளையை மாற்றுங்கள், மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டியது ஒன்றுமில்லை. 2021-இல் அந்த இருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவர்கள் என்பதால் நம் கல்லூரிகளில் அவர்களைப் பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஸ்லைடைக் காட்டிவிட்டு, விளக்கைப் போட்டதும் பஸ் நிலையப் பெண்ணைப் பார்த்து ‘டிசைன் எங்கே?’ என்று கேட்பதற்கு விசேஷமான மனப்பயிற்சி வேண்டும்.

சும்மா இருப்பதையே ஒரு மோஸ்தராக்கிவிடவும் நம்மால் முடியும் என்பது எனக்குத் தெரியும். வெற்றுத்தாளைக் கவிதை என்று பிரசுரித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. அளந்தாள். கட்ட வேண்டுமா என்ற கேள்வியை, எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு முன்னால் வைத்தாள். நம் ஸ்டூடியோக்கள் முதல் கேள்வியைக் கேட்க மாணவனுக்கு இடமே தருவதில்லை. செமஸ்டர் தொடங்கும்போதே ஆசிரியர் இத்தனை ஆயிரம் சதுர அடி, இத்தனை அறைகள் என்று தாளை நீட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு எத்தனை மூங்கில், எத்தனை ஜாலி வைத்தாலும் அதெல்லாம் ஒப்பனை. சிமென்ட் தயாரிப்பு மட்டும் உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7, 8 சதவீதம். அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே விடுகிற மூச்சு. ஸோலார் தகடு வைத்தாலும் அது குறையப்போவதில்லை. கட்டாமல் விட்ட சதுர அடிதான் அதைக் குறைக்கும்.

இருப்பதை ரிப்பேர் செய்வது என்பது ஸ்டூடியோவில் ஒரு பயிற்சியாகவே கருதப்படுவதில்லை. 2020 டிசம்பரில் ஆமதாபாத் ஐ.ஐ.எம்., லூயி கான் கட்டிய 18 விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தபோது உலகம் முழுவதிலிருந்தும் ஆர்க்கிடெக்டுகள் கையெழுத்துப் போட்டார்கள். 2021 ஜனவரி முதல் நாளே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில் மறுபடியும் புதிதாகக் கட்டுகிற பேச்சு வந்தது. மேதையின் கட்டிடம் என்பதால் கையெழுத்து. சரி. செங்கல் ஏன் உதிர்கிறது, உள்ளே போட்ட கம்பி ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு செமஸ்டர் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டூடியோ எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது? மேதை கட்டாத கட்டிடங்கள்தாம் நாட்டில் மிகுதி. அவையும் உதிர்கின்றன.

ஸ்டூடியோ என்ற ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. பாரிஸின் எகோல் தெ போஸார் பள்ளியில் மாணவனை ஓர் அடைப்புக்குள் உட்காரவைத்து, 12 மணி நேரத்தில் ஒரு முதல் வரைவைப் போடச் செய்வார்கள். பிறகு வாரக்கணக்கில் அதை விரித்து, மெருகேற்றி, பெரிய ஷீட்டுகளாக்க வேண்டும். முதல் வரைவிலிருந்து விலகினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். இடத்தைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல், அறைக்குள் அடைபட்டு அரை நாளில் தோன்றியதே வேதம். பிறகு தெரியவருகிற எந்த உண்மையும் அதை அசைக்கக் கூடாது. பாரிஸில் அந்த முறை 1968-இன் கலவரங்களோடு போய்விட்டது. நம்மிடம் ‘கான்செப்ட்’ என்ற பெயரில் இன்னும் உயிரோடிருக்கிறது. இரண்டாம் வாரத்தில் கான்செப்ட் சொல்லியாக வேண்டும். தாமரை, சங்கு, ‘ஓட்டம்’. அதற்குப் பிறகு சூரியன் மேற்கே இருப்பது தெரியவந்தால் சூரியன்தான் ஒத்துப்போக வேண்டும்.

பௌஹவுஸ் இதை உடைத்தது என்பார்கள். பாதி உண்மை. 1919-இல் ஆரம்பித்த அந்தப் பள்ளியில் கட்டிடக்கலைக்கென்று ஒரு துறை வந்ததே 1927-இல்தான். அதற்குப் பொறுப்பேற்ற ஹான்னஸ் மேயர், கட்டிடத்துக்குள் மனிதர்கள் எப்படி நடமாடுகிறார்கள், வெளிச்சம் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று மாணவர்களைக் கணக்கெடுக்கச் செய்தார். பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கங்களுக்காக ஒரு பள்ளி கட்டும் வேலையில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1930-இல் அவரை அரசியல் காரணங்களுக்காக வெளியேற்றினார்கள். இன்று பௌஹவுஸ் என்றால் நம் மாணவர்களுக்குத் தெரிவது குரோமியக் குழாய் நாற்காலியும் மூன்று வண்ணங்களும். மேயரின் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

ஸ்டூடியோவை ஆதரிப்பவர்கள் கடைசியில் டொனால்ட் ஷானின் 1983-ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். செய்துகொண்டே சிந்திப்பதற்கு ஸ்டூடியோவை முன்மாதிரியாகக் காட்டிய புத்தகம் அது. ஆசிரியர் ஒருவர் மாணவியின் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து வரைந்துகொண்டே பேசுகிற அத்தியாயம் பிரசித்தம். நிலைமை நம்மோடு பதில் பேசும், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஷானின் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அந்த அத்தியாயத்தில் பதில் பேசுவது எது? தாள். சரிவான நிலம் என்று சொல்கிறார்கள்; நிலத்தில் யாரும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு என் பி.ஏ. வகுப்பு ஞாபகம் வருகிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜில் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை வைத்து 1929-இல் ஒரு புத்தகம் போட்டார். இரவல் பக்தியை அம்பலப்படுத்த அது நல்ல தந்திரம். பின்னால் வந்தவர்கள் அந்தத் தந்திரத்தைச் சித்தாந்தமாக்கினார்கள். விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் எழுதியவனின் நோக்கத்தை வெளியே தள்ளினார்கள். 1949-இல் படிப்பவன் மேல் ஏற்படும் பாதிப்பையும் தள்ளினார்கள். மிஞ்சியது பக்கத்தின் மேல் தனியாக நிற்கும் கவிதை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுச் சிறுபத்திரிகைக்கு வந்த என் போன்றவர்களின் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. கட்டிடக்கலை ஜூரி செய்வதும் இதுவே. சுவரில் குத்திய ஷீட் தனியாக நிற்கிறது. கட்டப்போகிற கொத்தனாரும் வெளியே, குடியிருக்கப்போகிறவரும் வெளியே. நாம் செய்யும்போது சேதம் கொஞ்சம்தான். கவிதை ஒழுகுவதில்லை. மோசமான கவிதையைப் படித்தவனுக்கு மின்கட்டணம் ஏறுவதில்லை. பக்கத்தை மூடிவைத்துவிட்டு அவன் போய்விடலாம். தென்மேற்கு மூலைப் படுக்கையறையை மூடிவைத்துவிட்டுப் போக முடியாது.

ஸ்டூடியோவில் வெயில் எப்படிக் காணாமல்போகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வடக்கு வெளிச்சம் நல்லது, வடக்கில் பெரிய ஜன்னல் வை, நேர் வெயில் வராது என்பது ஸ்டூடியோவில் வாய்ப்பாடு. ஐரோப்பாவில் அது சரி. ஆமதாபாத்தில் 1962-இல் பி.வி. தோஷி தொடங்கிய கட்டிடக்கலைப் பள்ளியிலும் ஸ்டூடியோக்களுக்கு வடக்கு வெளிச்சம்தான். ஆமதாபாத் கடக ரேகைக்குப் பக்கத்தில், 23 டிகிரியில் இருக்கிறது. அங்கே அது ஏறக்குறையப் பொருந்தும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரம் முழுவதும் வடக்கே. அந்தக் காலத்தின் காலையும் மாலையும் வெயில் வடக்குச் சுவரைச் சாய்வாகத் தொடுகிறது. இது ரகசியமல்ல. கோனிக்ஸ்பெர்கரும் மற்றவர்களும் எழுதிய வெப்பமண்டல வீடுகள் பற்றிய கைநூலை 1970-களிலிருந்து நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சூரியப் பாதை வரைபடத்தைச் சீதோஷ்ணத் தாளில் எல்லோரும் அழகாக வரைகிறார்கள். அந்த வரைபடம் ஒரு நோட்டிலும் டிசைன் இன்னொரு ஷீட்டிலும் இருக்கின்றன. இரண்டு நோட்டுக்கும் இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் ஒருவர் ஜூரியில் மற்றவர் உட்காருவதில்லை.

நிலமும் இப்படித்தான் காணாமல்போகிறது. ‘ஸைட்’ என்று கொடுக்கப்படுவது வெள்ளைச் செவ்வகம். ஒரு வடக்கு அம்புக்குறி. தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பல வரைபடங்களில் அப்படி ஒரு வெள்ளைச் செவ்வகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் அந்தச் செவ்வகங்களில் தண்ணீர் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதைக் காட்டியது. 2022-இல் எஞ்சிய சதுப்புக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது.

இதற்கெல்லாம் மாற்று, பழமைக்குத் திரும்புவது என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வருஷா வருஷம் மாணவர்கள் பஸ் ஏறிச் செட்டிநாட்டுக்குப் போய், வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து, மிக அழகான படங்களோடு திரும்பி வருகிறார்கள். உள்ளூர்ப் பொருள், உள்ளூர் ஞானம் என்று கீழே எழுதுகிறார்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடியும் ஓடும் இன்னும் எங்கெங்கிருந்தோ கப்பலில். எல்லாவற்றுக்கும் பணம் பர்மாவின் நெல் வயல்கள் மேல் கொடுத்த கடனின் வட்டியிலிருந்து. (கடன் மேஜைக்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அந்த வீடுகளின் முற்றமும், கூரைத் தண்ணீரைச் சேர்த்த விதமும், ஊருணிகளும் படிக்க வேண்டியவை, சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்கினார்கள், ஏன் இன்று பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று அளவு நாடாவோடு போனவர்கள் கேட்பதில்லை. திண்ணையும் அப்படித்தான். ஸ்டூடியோ டிசைன்களில் திண்ணை என்றால் ‘சமூகக் கலப்பு வெளி’. எந்தச் சாதிக்காரர் அந்தத் திண்ணையில் உட்கார முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுகிற வார்த்தையா இது?

லாரி பேக்கரின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டிடக்கலை படித்து, 1945-இல் இந்தியா வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். உள்ளூரில் அவர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை மாணவர்கள் போய்ப் பார்த்து, ஜாலிச் சுவரின் முன் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த செமஸ்டரில் ஜாலி வருகிறது. பேக்கரிடம் படிக்க வேண்டியது ஜாலி அல்ல. அவர் ஒரு கான்கிரீட் தளத்தை வெட்டிப் பார்த்த பார்வை. தளத்தின் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலை இல்லை. வேலை இல்லாத கான்கிரீட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? கம்பிகளுக்கு இடையே இரண்டு மங்களூர் ஓட்டை வைத்துவிடு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம்விட்டுக் கட்டினால் - எலிப்பொறிக் கட்டு என்பார்கள் - அதே ஒன்பதங்குலச் சுவரில் கால்வாசிச் செங்கல் மிச்சம். அந்தக் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இது சிக்கனம் பற்றிய உபதேசம் அல்ல. நெருங்கிப் படிக்கிற வாசிப்பு. ஒரு வரியில் எந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிற கண். நம் விமர்சகர்கள் பலரிடம் இல்லாத கண். அதை அவர் கொத்தனார்களுக்குச் சாரத்தின் மேல் நின்று கற்றுக்கொடுத்தார். கொத்தனாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

மாணவர்களால் இது முடியாது, அனுபவம் வந்த பிறகுதான் முடியும் என்பது பேராசிரியரின் கட்சி. பிரான்சிஸ் கேரே பெர்லினில் மாணவனாக இருந்தபோதே பணம் திரட்டி, புர்கினா ஃபாஸோவில் தன் ஊரான காந்தோவில் பள்ளிக்கூடம் கட்டினார். அது முடிந்தது 2001-இல். அவர் பட்டம் வாங்கியது 2004-இல். மண்ணும் கொஞ்சம் சிமென்ட்டும் கலந்த கற்சுவர். தகரக் கூரையைச் சுவரிலிருந்து உயர்த்தி வைத்ததால் இடையே காற்று போகிறது; தகரத்தின் சூடு வகுப்புக்குள் இறங்குவதில்லை. வங்கதேசத்தில் தினாஜ்பூர் ஜில்லாவின் ருத்ரபூரில், அன்னா ஹெரிங்கர் என்ற ஜெர்மன் மாணவியின் 2004-ஆம் வருஷத்து டிப்ளமோ வேலை 2005-இல் நிஜமான பள்ளியாகியது. கீழ்த்தளம் வைக்கோல் கலந்து மிதித்த மண், மேல்தளம் மூங்கில். மிதித்ததில் மாடுகளுக்கும் பங்குண்டு. கற்பனை இந்த இரண்டு இடங்களிலும் செத்ததாக எனக்குத் தகவல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவில், அலபாமாவின் ஹேல் கவுன்டியில் இருக்கிறது. 1936-இல் ஜேம்ஸ் ஏஜியும் வாக்கர் எவன்ஸும் குத்தகை விவசாயிகளைத் தேடிப் போனார்களே, அதே ஊர்ப்பக்கம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993-இல் ஸ்டூடியோவை வளாகத்திலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். மாணவர்கள் அங்கேயே தங்கி, அங்கே இருப்பவர்களுக்கு வீடு கட்டினார்கள். மாக்பீ 2001-இல் இறந்துபோனார். ஸ்டூடியோ அதே கவுன்டியில் தொடர்கிறது. ஏழைகளின் வீட்டை மாணவர்களின் சோதனைச்சாலை ஆக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அதன் மேல் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டும் அல்ல. ஆனால் ஓடிப்போகாமல் அங்கேயே இருக்கிறார்கள். முந்தின வருஷத்து மாணவன் கட்டிய கூரை ஒழுகினால், இந்த வருஷத்து மாணவன் காதுக்கு அது வருகிறது.

2005-இல் அவர்கள் தொடங்கிய ஒரு வேலை, 20,000 டாலர் வீடு. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரசாங்க ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்கிற ஒருவரால் மாதாமாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் வந்த தொகை அது. டிசைன், தவணையிலிருந்து ஆரம்பிக்கிறது! நம் ஸ்டூடியோவில் தவணை என்ற சொல்லை யாராவது உச்சரித்திருக்கிறார்களா?

உச்சரிக்காததன் விளைவை நான் என் மேஜையில் பார்க்கிறேன். அழுத்திய மண் கற்களால் சுவர், ஓடு பதித்த தளம் என்று ஒரு வரைபடத்தோடு ஒருவர் கடன் கேட்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். மதிப்பீட்டாளரின் படிவத்தில் அந்த வீட்டுக்கு இடமே இல்லை. ‘மற்றவை’ என்று குறித்து, ஆயுளைக் குறைத்துப் போட்டு, தொகையை வெட்டிவிட்டார். வாத்தியாருக்காகப் படம் போட்ட இளம் ஆர்க்கிடெக்ட் நேரில் வந்து மேலாளரிடம் பூமியைப் பற்றியும் கார்பனைப் பற்றியும் உணர்ச்சியோடு பேசினார். மேலாளர் கேட்டது அந்தக் கல்லின் வலிமைக்கு ஒரு சோதனைச் சான்று. மண் கற்களுக்கென்றே இந்தியத் தரநிர்ணயத்தில் 1725 என்ற எண்ணில் ஒரு வரையறை இருக்கிறது. சென்னையிலிருந்து மூன்று மணி நேர தூரத்தில் ஆரோவில்லில், மண் கட்டுமானத்துக்கென்று 1989 முதல் ஒரு நிறுவனமே இருக்கிறது. ஐந்து வருஷம் ஸ்டூடியோவில் இரவு கண் விழித்த அந்தப் பையனுக்கு இப்படி ஒரு தாள் வேண்டியிருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வாத்தியார் வேறு வரைபடத்தோடு வந்தார். கான்கிரீட் சட்டகம், தென்மேற்கு மூலையில் படுக்கையறை. கடன் உடனே கிடைத்தது. எங்கள் வங்கி செய்தது அநியாயம்தான். அந்த அநியாயத்தோடு வாதாடத் தெரியாத ஒருவரைச் ‘சூழல் பிரக்ஞை உள்ளவர்’ என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியதும் அநியாயம்.

கட்டுப்பாடு கற்பனையைக் கொல்லும் என்று கை தட்டிய கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை. வெண்பாவைக் கைவிட்டபோது நாம் உருவத்தைக் கைவிடவில்லை என்று எத்தனை இதழ்களில், எத்தனை பண்டிதர்களோடு சண்டை போட்டிருக்கிறோம்? தளை போனாலும் சொல்லின் கனம் போகாது, அதைத் தாங்கத் தெரியாதவன் கவிஞனல்ல என்றுதானே சொன்னோம்? மே மாதத்து மாலை நாலு மணி வெயில் கட்டிடக்காரனின் சொற்கனம். அதை விட்டுவிட்டு வரைகிறவன் சுதந்திரமாக எழுதவில்லை, எழுதவே இல்லை.

நடைமுறைக்கு என்ன என்று நண்பர் கேட்டார். எனக்குத் தோன்றுவது பெரிய காரியங்கள் அல்ல. சீதோஷ்ணத் தாளையும் நீடித்த கட்டிடக்கலைத் தாளையும் ரத்து செய்துவிட்டு அந்த ஆசிரியர்களை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து, மார்க் போடும் அதிகாரத்தில் பாதியைக் கொடுக்கலாம். ஐந்து வருஷத்தில் பத்து இடங்களில் பத்துக் கட்டிடங்கள் வரைவதற்குப் பதிலாக, ஒரே தெருவில் இரண்டு வருஷம் வேலை செய்யலாம். ஜூரியில் ஒரு மேஸ்திரியும், கட்டிடத்தைத் தினம் கழுவி விடுகிற ஒரு பெண்ணும் உட்காரட்டும். சம்பிரதாயத்துக்கு அல்ல, மார்க்கோடு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஆசிரியர்களே வெளியில் கட்டிக் கொடுத்த கட்டிடங்களுக்கு, குடிவந்து இரண்டு வருஷமான பிறகு, மாணவர்களை ஒரு சுவர்த் தெர்மாமீட்டரோடு அனுப்பட்டும். எந்த அறையில் எத்தனை டிகிரி, எந்த ஜன்னலை அட்டை ஒட்டி மூடிவைத்திருக்கிறார்கள், எந்த ஜாலிக்குப் பின்னால் கொசுவலை அடித்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்புகளை ஜூரி நடக்கிற அதே சுவரில் குத்தட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் நண்பர் இதைத் தன் கல்லூரியில் சொன்னபோது, தெர்மாமீட்டர் வாங்க டெண்டர் விட வேண்டும் என்றார்களாம்.

கருத்தரங்கில் பேசிய பேராசிரியர் இந்தப் பத்திரிகையைப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டேன். அவர் பதில் எழுதினால் ஆசிரியர் இடம் தருவார். எழுதும்போது, கனவு காண்பதற்காக அவர்கள் கல்லூரியில் சமீபத்தில் கட்டிய அந்தப் புதிய ஸ்டூடியோவின் மே மாத மின்கட்டண ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.